நிறத்தைக் கடைசியில் பாருங்கள்: சிறுத்தைப் பல்லியின் மார்ஃபை அடையாளம் காண்பது எப்படி?

திருமங்கலத்திலிருந்து ஒரு தம்பி, காற்றுத் துளை போட்ட பிளாஸ்டிக் டப்பாவோடு வில்லாபுரத்தில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார். உள்ளே ஐந்து மாத லெப்பர்ட் கெக்கோ, அதாவது சிறுத்தைப் பல்லி ஒன்று, விபூதி பூசியது போல வெளுத்துக் கிடந்தது. “அண்ணே, இது மேக் ஸ்னோதானே? அப்படிச் சொல்லித்தான் கொடுத்தார்கள்” என்றார். மேக் ஸ்னோ என்பது மஞ்சள் குறைந்து வெளுத்த ஒரு மார்ஃப்; வளர்ப்பாளர்கள் பெயர் வைத்து விற்கும் நிற, கோல வகையைத்தான் மார்ஃப் என்கிறோம். விலையும் ஸ்னோவின் விலையைத்தான் கொடுத்திருந்தார். நான் உடனே பதில் சொல்லவில்லை. டப்பாவின் ஒரு மூலையில் ஈரப்பஞ்சை வைத்து, இரண்டு நாள் என்னிடமே விட்டுவிட்டுப் போகச் சொன்னேன். மறுநாள் இரவு அது மூக்கு நுனியிலிருந்து சட்டையை உரித்தது. உரித்த சட்டையைத் தானே தின்றும் முடித்தது. காலையில் பார்த்தால் எலுமிச்சை மஞ்சளில் கறுப்புப் பட்டையும் புள்ளியுமாகச் சாதாரண நிறம். சட்டை உரிக்கப் போகும் பல்லி வெளுக்கும். அவ்வளவுதான் விஷயம். விற்றவருக்கு அது தெரியாமலும் இருந்திருக்கலாம், தெரிந்தும் இருந்திருக்கலாம்.

ஏமாற்று ஒரு பக்கம் இருக்கட்டும். தம்பியின் கண்ணும் என் கண்ணும் முதலில் போன இடம் உடம்பின் நிறம். சிறுத்தைப் பல்லியைப் பொறுத்தவரை நம்பத் தகாத சாட்சியும் அதுதான். வெயிலுக்கு ஒரு நிறம், குளிருக்கு ஒரு நிறம், பயத்துக்கு ஒரு நிறம், சட்டை உரிக்கும் முன் ஒரு நிறம், கைப்பேசிப் படத்தில் ஒரு நிறம். கண், கறுப்பு, கோலம் என்று மற்றவற்றையெல்லாம் விசாரித்த பிறகு நிறத்திடம் வந்தால்தான் அது சொல்வதற்கு மதிப்பு.

மதுரைப் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு உடம்பைப் பார்த்துப் பெயர் சொல்வது புதிதல்ல. பாலமேட்டிலும் அலங்காநல்லூரிலும் வாடிவாசல் பக்கம் நிற்கும் பெரியவர்கள் காரி, செவலை, மயிலை என்று ஒரு நொடியில் சொல்லிவிடுவார்கள். அந்தப் பெயர்கள் கண்ணுக்குத் தெரிவதைச் சொல்கின்றன. அதற்கு மேல் எந்த வாக்கும் கொடுப்பதில்லை. காரியின் கன்று காரியாகத்தான் இருக்கும் என்று யாரும் சத்தியம் செய்வதில்லை. மார்ஃப் பெயர் அப்படி அல்ல. ஒரு பல்லியை ‘டிரெம்பர் அல்பினோ’ என்று அழைத்தால், குறிப்பிட்ட ஒரு மரபணுவின் குறைபட்ட பிரதிகள் இரண்டு அதன் உடம்பில் இருப்பதாகச் சாட்சி சொல்கிறோம். கண்ணால் பார்த்துவிட்டு வம்சத்துக்குச் சாட்சி சொல்கிறோம் என்பதுதான் சிக்கல்.

முதலில் மூல வடிவம் எது என்று தெரிய வேண்டும். இது ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகிய இடங்களின் வறண்ட கல்நிலத்துப் பிராணி. எட்வர்ட் பிளைத் 1854-இல் விவரித்த இனம். அறிவியல் பெயர் யூப்லெஃபாரிஸ் மாகுலாரியஸ். பெயரின் முதல் பகுதி நல்ல இமை உடையது என்றும், இரண்டாம் பகுதி புள்ளி போட்டது என்றும் பொருள்படும். நம் வீட்டுச் சுவரில் ‘உச்’ கொட்டும் பல்லிக்கு இமை கிடையாது. நாக்கால்தான் கண்ணைத் துடைத்துக்கொள்ளும். சிறுத்தைப் பல்லி கண்ணை மூடித் திறக்கும். விரலில் ஒட்டும் தகடுகளும் இதற்கு இல்லை. எனவே சுவரில் ஏற முடியாது, நம் தலையில் விழவும் முடியாது. பஞ்சாங்கத்துப் பல்லி விழும் பலனில் இதற்கு இடமே இல்லை.

வடக்கே சில இடங்களில் இதைக் கொடிய விஷமுள்ளது என்று நம்பி அடித்துக் கொல்கிறார்கள். ‘அரணை கடித்தால் உடனே மரணம்’ என்று சொல்லிச் சொல்லி நாம் அரணையை அடித்த கதைதான் அங்கும். இரண்டுக்கும் விஷம் கிடையாது.

காட்டு வடிவத்துக் குஞ்சு பொரித்து வரும்போது புள்ளியே இருக்காது. மஞ்சள் உடம்பில் குறுக்கே அகலக் கறும்பட்டைகள் மட்டும் இருக்கும். மாதங்கள் போகப் போகப் பட்டை உடைந்து, முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றிய சுங்குடிப் புள்ளியைப் போல ஓரம் சீரில்லாத புள்ளிகளாகச் சிதறும். ஏறக்குறைய ஒரு வயதில்தான் உருவம் நிலைக்கும். காங்கேயம் கன்று சிவப்பாகப் பிறந்து, ஆறு மாதம் வாக்கில் சாம்பலாக மாறுவதை அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இருக்காது. செங்கன்றைப் பார்த்து இது செவலை என்று அடித்துச் சொல்பவரைச் சந்தையில் யாரும் மதிப்பதில்லை. ஆனால் இரண்டு மாதப் பல்லியின் படத்தைப் பார்த்து மார்ஃப் பெயரை முடிவு செய்வது இந்தப் பொழுதுபோக்கில் அன்றாடம் நடக்கிறது.

இந்த உருவத்தை மூன்று வகைச் செல்கள் வரைகின்றன. கறுப்பையும் பழுப்பையும் தருவது மெலனோஃபோர். மஞ்சளையும் ஆரஞ்சையும் தருவது சாந்தோஃபோர். மூன்றாவதான இரிடோஃபோரில் சாயமே இல்லை. நுண்ணிய படிகங்களால் ஒளியைத் திருப்பி அனுப்பி வெண்மையையும் மினுமினுப்பையும் காட்டுகிறது. மார்ஃப் என்று விற்கப்படுபவை பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று குறைந்தது, மிகுந்தது, அல்லது இடம் மாறிப் படிந்தது. அல்பினோவில் கறுப்பு போய்விட்டது. ஸ்னோவில் மஞ்சள் குறைந்துவிட்டது. பிளிசர்டில் கோலமே போய்விட்டது. எது போயிருக்கிறது என்று கேட்டுக்கொண்டு பார்த்தால் பெயர்க் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

என் வழக்கம், முதலில் கண்ணைப் பார்ப்பது. வெயில் நேராக விழாத வெளிச்சத்தில், கைவிளக்கை முகத்தில் அடிக்காமல் பார்க்க வேண்டும். சாதாரணப் பல்லிக்குச் சாம்பலும் பொன்னும் கலந்த கருவிழிப்படலத்தில் நுண்ணிய நரம்புக் கோடுகளும், செங்குத்தாக ஒரு கண்மணிக் கீற்றும் தெரியும். அல்பினோவில் கருவிழிப்படலம் வெள்ளி அல்லது இளஞ்சிவப்பாக, கீற்று சிவப்போடிக் காணும். கருவிழிப்படலமும் கண்மணியும் பிரித்தறிய முடியாமல் கண் முழுவதும் மை போலக் கறுத்திருந்தால் பெரும்பாலும் இரண்டு சாத்தியங்கள்: ஒன்று எக்லிப்ஸ், மற்றொன்று சூப்பர் ஸ்னோ. எக்லிப்ஸ் கண்ணை மாற்றும் ஒடுங்கு பண்பு, அதாவது மரபணுவின் இரண்டு பிரதியும் மாறியிருந்தால்தான் வெளியே தெரியும் பண்பு; சில உடம்புகளில் முழுக் கண்ணையும் மூடும், சிலவற்றில் பாதியை மட்டும் மூடும். பாதி மூடியதைப் பாம்புக்கண் என்கிறார்கள். கண் முழுதும் கறுத்து, உடம்பு வெண்மையாக, கரும்புள்ளிகள் வரிசை வரிசையாக நின்றால் அது சூப்பர் ஸ்னோ. அதோடு மூக்கும் பாதங்களும் வெள்ளையாக இருந்தால் இரண்டும் ஒன்றாகக் கலந்திருக்கக்கூடும். உடம்பைப் பார்த்துத் தடுமாறிய பல தருணங்களில் கண்தான் எனக்கு வழிகாட்டியிருக்கிறது.

அடுத்து கறுப்பு. உடம்பில் எங்காவது உண்மையான கறுப்பு இருக்கிறதா என்று தேட வேண்டும். தலையில், வாலில், பட்டையின் ஓரத்தில் தெளிவான கரும்புள்ளிகள் தெரிந்தால் அல்பினோ என்ற பேச்சுக்கே இடமில்லை. அல்பினோவின் பட்டை பழுப்பாகவோ ஊதா கலந்த இளஞ்சிவப்பாகவோ இருக்கும், கறுப்பாக இருக்காது. கறுப்பு இல்லை என்பதாலேயே அல்பினோ என்றும் சொல்லிவிட முடியாது. பிளிசர்டிலும் கறும்புள்ளி இருக்காது. அப்போது மறுபடி கண்ணிடம்தான் போக வேண்டும்.

அல்பினோ என்று தெரிந்த பிறகுதான் உண்மையான தலைவலி ஆரம்பம். சிறுத்தைப் பல்லியில் அல்பினோ ஒன்று அல்ல, மூன்று. ரான் டிரெம்பர், டிம் ரெயின்வாட்டர், மார்க் பெல் என்ற அமெரிக்க வளர்ப்பாளர்களின் பெயர்களால் அவை வழங்குகின்றன. மூன்றும் தனித்தனியாகத் தோன்றியவை, மூன்றும் ஒடுங்கு பண்புகள், மூன்றுக்கும் மரபணு வேறு. பெல் வகையில் கண் நன்றாகச் சிவந்து, பட்டை இளஞ்சிவப்பாக, மேலே பழுப்புத் தூவல் அதிகம் இருக்கும் என்பார்கள். ரெயின்வாட்டர் வகை மொத்தத்தில் வெளிறியது, கண் சற்றே கருமை கூடியது என்பார்கள். டிரெம்பர் பழுப்பு மிகுந்தது என்பார்கள். ‘என்பார்கள்’ என்று மூன்று முறை எழுதியது தெரிந்தேதான். பத்துப் பல்லிகளை வரிசையாக வைத்தால் இந்த வேறுபாடுகள் தெரியும். தனியாக ஒரு பல்லியைக் கையில் கொடுத்து எந்த வகை என்று கேட்டால், அனுபவசாலியும் ஊகம்தான் சொல்ல முடியும்.

எனக்கு இது பட்டுத் தெரிந்தது. சில வருடங்களுக்கு முன் டிரெம்பர் என்று சொல்லி ஒரு பெண் அல்பினோவை வாங்கினேன். என்னிடம் ஏற்கெனவே இருந்த ஆண், தாய் தந்தை விவரத்தோடு வந்த டிரெம்பர். இரண்டையும் சேர்த்தால் பிறப்பதெல்லாம் அல்பினோவாக இருக்க வேண்டும். பெண் ஈட்டுக்கு இரண்டாக மூன்று முறை முட்டையிட்டது. ஆறில் ஐந்து பொரித்தன. ஐந்தும் கன்னங்கரேலென்று பட்டை போட்ட சாதாரணக் குஞ்சுகள். முதல் குஞ்சைப் பார்த்தபோது முட்டை மாறிவிட்டதோ என்றுகூட நினைத்தேன். ஐந்தாவது பொரித்தபோது விஷயம் விளங்கிவிட்டது: பெண் டிரெம்பர் அல்ல.

ஏன் அப்படி? கறுப்பு நிறமி பல படிகளைக் கடந்து உருவாகிறது. மதுரையில் இருப்பவர்களுக்குத் தண்ணீரை வைத்துச் சொன்னால் உடனே புரியும். ஒரு வீட்டில் மோட்டார் கெட்டிருக்கிறது, குழாய் நன்றாக இருக்கிறது. இன்னொரு வீட்டில் மோட்டார் நன்றாக இருக்கிறது, குழாய் அடைத்திருக்கிறது. இரண்டு வீட்டிலும் மாடித் தொட்டி காலிதான். வெளியே நின்று பார்த்தால் ஒரே மாதிரி தெரியும். இந்த வீட்டு நல்ல குழாயையும் அந்த வீட்டு நல்ல மோட்டாரையும் சேர்த்து மாட்டினால் தண்ணீர் ஏறிவிடும். என் ஐந்து குஞ்சுகளுக்கும் நேர்ந்தது இதுதான். தந்தையிடமிருந்து ஒரு குறை, தாயிடமிருந்து வேறொரு குறை. ஒவ்வொன்றுக்கும் மறுபக்கத்திலிருந்து நல்ல பிரதி ஒன்று கிடைத்துவிட்டது. அதனால் கறுப்பு வந்துவிட்டது.

பார்க்க நல்ல குஞ்சுகள்தான். ஆனால் வம்சக் கணக்குக்கு அவை தீராத சிக்கல். அவை ஒவ்வொன்றும் இரண்டு வகை அல்பினோவைச் சுமக்கின்றன. அவற்றை மேலும் சேர்த்துப் பெருக்கினால் பேரக்குஞ்சுகளில் அல்பினோ மறுபடி தோன்றும். அது எந்த வகை என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த ஐந்தையும் இனப்பெருக்கம் செய்வதில்லை என்று உறுதி சொன்னவர்களுக்கு இலவசமாகக் கொடுத்தேன். சொன்ன சொல்லைக் காத்தார்களா என்பது அவரவர் மனசாட்சி.

அல்பினோ வகையை ஐயமறச் சொல்ல ஒரு வளர்ப்பாளருக்கு இருக்கும் வழி, வகை தெரிந்த மற்றொரு அல்பினோவோடு சேர்த்துப் பார்ப்பதுதான். அதற்கு மாதங்கள் ஆகும். பெற்றோரின் விவரம் எழுதிய ஒரு துண்டுத்தாள் அந்த மாதங்களை மிச்சப்படுத்திவிடும். தாள் இல்லாத அல்பினோவை ‘அல்பினோ, வகை தெரியாது’ என்று விற்பவரைப் பார்த்தால் எனக்கு மரியாதை கூடுகிறது.

ஸ்னோவுக்கு வருவோம். மேக் ஸ்னோ பண்புக்கு முழுமையற்ற ஓங்குத்தன்மை உண்டு. பள்ளிப் பாடத்தில் அந்திமந்தாரையின் சிவப்பும் வெள்ளையும் கலந்து இளஞ்சிவப்புப் பூ வந்ததே, அதே கணக்கு. ஒரு பிரதி இருந்தால் மேக் ஸ்னோ, இரண்டு பிரதி இருந்தால் முன்னே சொன்ன கருங்கண் சூப்பர் ஸ்னோ. சூப்பர் ஸ்னோவை அடையாளம் காண்பதில் பெரிய சிரமம் இல்லை. ஒரு பிரதி ஸ்னோவில்தான் சிரமம், ஏனென்றால் அது வயதாக ஆக மஞ்சள் பூக்கும். குஞ்சாக இருக்கும்போது மஞ்சளே இல்லாமல், கறுப்பும் வெள்ளையுமாக வரிக்குதிரை போல இருக்கும். அந்த வயதில் பார்த்தால் ஐயமே வராது. இரண்டு வயதில் பார்த்தால் வெளிறிய சாதாரணப் பல்லியா, மஞ்சள் பூத்த ஸ்னோவா என்று கண் தடுமாறும். ஆகவே ஸ்னோ என்று விலை சொல்பவரிடம் கேட்க வேண்டிய ஒரே பொருள், பொரித்த வாரத்தில் எடுத்த படம். ஜெம் ஸ்னோ, டக் ஸ்னோ என்று வேறு வம்சங்களும் இருக்கின்றன. அவற்றைத் தோற்றத்தால் மேக் ஸ்னோவிலிருந்து பிரிப்பேன் என்று சொல்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை.

கோலமே இல்லாத பல்லிகள் இரண்டு வகை: மர்ஃபி பேட்டர்ன்லெஸ், பிளிசர்ட். இரண்டும் ஒடுங்கு பண்புகள். வளர்ந்த பிறகு இரண்டும் வெறும் உடம்புதான் என்றாலும் குஞ்சில் பிரிந்துவிடும். பிளிசர்ட் பொரிக்கும்போதே வெறுமையாக வரும். மர்ஃபி குஞ்சில் திட்டுத் திட்டாகக் கறை இருந்து, வளர வளர மறையும். பழைய ஆட்கள் மர்ஃபியை ‘லூசிஸ்டிக்’ என்று அழைத்தார்கள். அறிவியல்படி அது தவறான பெயர், ஆனாலும் இன்னும் சிலர் விடவில்லை. இரண்டும் ஒரே உடம்பில் சேர்ந்தால் பனானா பிளிசர்ட் என்கிறார்கள். பனானா பிளிசர்ட் என்று விற்கப்படும் பல உடம்புகள் மஞ்சள் கூடிய வெறும் பிளிசர்டாகவும் இருக்கலாம். பெற்றோர் விவரம் இல்லாமல் அதை ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வருவதில்லை.

கலவைப் பெயர்கள் தனி உலகம். டிரெம்பர் அல்பினோ, எக்லிப்ஸ் கண், கோலம் இன்மை, ஆரஞ்சு நிறம் இவை கூடினால் ராப்டர். பெல் அல்பினோவும் எக்லிப்ஸும் கூடினால் ரேடார். ரெயின்வாட்டரும் எக்லிப்ஸும் கூடினால் டைஃபூன். ராப்டரோடு பிளிசர்டும் கூடினால் டியாப்லோ பிளாங்கோ. பெயரைக் கேட்டதும் மயங்க வேண்டாம். பெயரைப் பிரித்து, ஒவ்வொரு உறுப்பும் அந்த உடம்பில் தெரிகிறதா என்று தனித்தனியாகச் சரிபார்த்தால் போதும். கறுப்பு இல்லாத அல்பினோவில் எக்லிப்ஸ் கண்ணும் சிவந்துதான் தெரியும். அப்படியும் சிவந்த கண் இல்லாத ராப்டரைக் கொண்டுவந்து காட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கண்ணும் கறுப்பும் கோலமும் முடிந்தன, இப்போது நிறம். டேஞ்சரின் என்ற ஆரஞ்சு நிறம் ஒரே மரபணுவின் வேலை அல்ல. நல்ல கதிரைப் பார்த்துப் பார்த்து விதைநெல் எடுப்பது போல, தலைமுறை தலைமுறையாக ஆரஞ்சு மிகுந்ததை ஆரஞ்சு மிகுந்ததோடு சேர்த்துத் தேர்ந்தெடுத்து வந்தது. எனவே ‘டேஞ்சரினுக்கு ஹெட்’, அதாவது டேஞ்சரினை வெளியே தெரியாமல் சுமக்கிறது, என்று யாராவது விற்றால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம். புள்ளி குறைந்த வகையை ஹைப்போ என்கிறார்கள். உடம்பில் பத்துப் புள்ளிக்குள் இருந்தால் ஹைப்போ, ஒன்றும் இல்லையென்றால் சூப்பர் ஹைப்போ, தலையிலும் இல்லையென்றால் பால்டி, அதாவது மொட்டை. வாலில் ஆரஞ்சு படர்ந்திருந்தால் கேரட் டெயில். இவையெல்லாம் வளர்ப்பாளர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட அளவுகோல்கள். வளரும்போது புள்ளி உதிர்ந்துகொண்டே போகும் என்பதால் ஒரு வயதுக்கு முன் எண்ணுவது வீண். வால் ஒருமுறை அறுந்து மறுபடி வளர்ந்திருந்தால் கேரட் டெயில் பேச்சையே எடுக்கக் கூடாது. புது வால் உருண்டு திரண்டு வேறு தோலோடு வளரும்; பழைய பட்டையும் திரும்பாது, பழைய நிறமும் திரும்பாது.

நிறத்தைப் பற்றி மதுரைக்காரர்கள் கூடுதலாகத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு: முட்டை இருந்த சூடு. இந்தப் பல்லியில் ஆணா பெண்ணா என்பதைச் சூடு தீர்மானிக்கிறது. 26 டிகிரி செல்சியஸ் வாக்கில் வைத்தால் பெரும்பாலும் பெண், 32, 33 டிகிரியில் பெரும்பாலும் ஆண், 34, 35 டிகிரிக்குப் போனால் மறுபடியும் பெரும்பாலும் பெண். அதே சூடு நிறத்தையும் தொடுகிறது. சூட்டில் பொரித்தவை வெளிறி, மஞ்சள் தூக்கலாக வரும். குளிர்ச்சியில் பொரித்தவை கருமை கூடி வரும். குளிர்ச்சியில் வைத்த டிரெம்பர் அல்பினோ சாக்லேட் பழுப்பாக வருவதைப் பார்த்து, அல்பினோவே இல்லை என்று முடிவு கட்டியவர்கள் உண்டு. இங்கே கத்திரி வெயிலில் மாடி அறைக்குள் சூடு எவ்வளவு ஏறும் என்று சொல்லவே வேண்டாம். சூட்டைக் கட்டுப்படுத்தும் பெட்டி இல்லாமல், தேங்காய் நார்த்தூள் டப்பாவை அலமாரி மேல் வைத்துப் பொரிக்க வைப்பவர்களுக்குச் சித்திரைக் குஞ்சுகளெல்லாம் ‘ஹைப்போ’வாகத் தெரியும். அவற்றின் பிள்ளைகள் ஐப்பசியில் பொரிக்கும்போது கருமையோடு வந்து நிற்கும். வெயில் கொடுத்த நிறம் பிள்ளைக்குப் போகாது.

கண்ணுக்குத் தெரியாமல் சுமக்கும் பண்பை வணிகத்தில் ‘ஹெட்’ என்கிறார்கள். அதைப் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. ‘66 சதவீதம் ஹெட்’ என்று எழுதியிருந்தால், அந்தப் பல்லியின் மூன்றில் இரண்டு பங்கு அல்பினோ என்று சிலர் புரிந்துகொள்கிறார்கள். அது அப்படி அல்ல. தாயம் ஆட, புளியங்கொட்டையை ஒரு பக்கம் வெள்ளை தெரியும்படி தரையில் தேய்ப்போமே, அப்படி இரண்டு கொட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று தாய், ஒன்று தந்தை; இரண்டுமே அல்பினோவுக்கு ஹெட். வெள்ளைப் பக்கம்தான் அல்பினோப் பிரதி. உருட்டினால் நான்கு விதமாக விழும். இரண்டும் வெள்ளை ஒரு விதம், அது அல்பினோக் குஞ்சு. பார்த்ததும் தெரிந்துவிடும், தனியே எடுத்து வைத்துவிடலாம். மீதி மூன்று விதம். அவற்றில் இரண்டில் ஒரு கொட்டை வெள்ளை, ஒன்றில் இரண்டுமே கறுப்பு. இந்த மூன்றுக்கும் வெளித்தோற்றம் ஒன்றுதான். கையில் இருப்பது வெள்ளையைச் சுமக்கும் குஞ்சா என்று கேட்டால், மூன்றுக்கு இரண்டு வாய்ப்பு. அதுதான் 66. அந்தக் குஞ்சு முழுதாகச் சுமக்கும், அல்லது சுமக்கவே சுமக்காது. ஆக, 66 என்பது பல்லியின் தன்மை அல்ல, நம் அறியாமையின் அளவு.

நிறத்தை மட்டும் பார்ப்பதில் பண இழப்பை விடப் பெரிய தீங்கு ஒன்று இருக்கிறது. எனிக்மா என்ற மார்ஃபை எடுத்துக்கொள்ளுங்கள். ஓங்கு பண்பு, தாறுமாறாகத் தெளித்த புள்ளிகள், பட்டையில்லாத வால், பார்க்க அழகு. அந்த அழகோடு நரம்புக் கோளாறும் ஒட்டிக்கொண்டு வருகிறது: தலை சாயும், ஒரே இடத்தில் வட்டமடிக்கும், வானத்தைப் பார்த்து நிற்கும், இரையைக் குறி தவறும். ஒன்றில் லேசாக, மற்றொன்றில் கடுமையாக இருக்கும். லெமன் ஃப்ராஸ்ட் இன்னும் மோசம். பளிச்சென்ற வெண்மையும் மஞ்சளும் கொண்ட அந்த மார்ஃபுக்குக் கிராக்கி இருந்தது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்து ஆய்வாளர்கள் அதன் மரபணுவைத் தேடி, 2021-இல் முடிவை வெளியிட்டார்கள். குற்றவாளி ஸ்பின்ட்1 என்ற மரபணுவாக இருக்க வேண்டும் என்று அவர்கள் கண்டார்கள். இரிடோஃபோர் செல்கள் கட்டுப்பாடில்லாமல் பெருகுவதால்தான் அந்தப் பளிச்சென்ற வெண்மை. அந்தச் செல்களே கட்டியாகவும் திரள்கின்றன. இந்த மார்ஃப் பல்லிகளில் 80 சதவீதத்துக்கும் மேலானவற்றில் தோல் கட்டி தோன்றியது. நிறத்தைக் கொடுத்த கையே நோயையும் கொடுக்கிறது. ஒன்றை விட்டு ஒன்றைப் பிரித்தெடுக்க வழியில்லை. உலகில் பல வளர்ப்பாளர்கள் அதைப் பெருக்குவதை நிறுத்திவிட்டார்கள். அசாதாரணமாக வெளிச்சம் வீசும் பல்லி கையில் கிடைத்தால் வயிற்றைத் திருப்பிப் பாருங்கள். தோலுக்கடியில் தடித்த வெண்திட்டுகள் தெரிந்தால் பெயர் தேடுவதை விட்டுவிட்டு, ஊர்வன பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரைத் தேடுங்கள்.

படம் அனுப்பி மார்ஃப் கேட்பவர்களிடம் நான் நான்கு படம் கேட்பேன். காலை ஏழு, எட்டு மணி வாக்கில் திண்ணை நிழலில், வெள்ளைத்தாள் மேல் விட்டு எடுக்க வேண்டும். தாள் படத்தில் மஞ்சளாகத் தெரிந்தால் பல்லியின் மஞ்சளையும் நம்ப முடியாது, அதற்காகத்தான் தாள். மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, வயிறு தெரிய ஒன்று, கண்ணுக்கு நெருக்கமாக ஒன்று. அல்பினோவுக்கு வெளிச்சம் கூசும் என்பதால் கண்ணை மூடிக்கொண்டே இருக்கும். பொறுமையாகக் காத்திருக்க வேண்டும், விரலால் இமையைத் திறக்கக் கூடாது. கூடவே மூன்று கேள்வி: எப்போது பொரித்தது, கடைசியாக எப்போது சட்டை உரித்தது, தாய் தந்தை எவை. மூன்றாவது கேள்விக்குப் பதில் இருந்தால் பெரும்பாலும் படமே தேவைப்படுவதில்லை. பிறந்த இடமும் பெற்றோரும் சொல்ல முடியாதவர் காட்டில் பிடித்ததைக்கூட விற்றுக்கொண்டிருக்கலாம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

திருமங்கலத்துத் தம்பி மூன்றாம் நாள் வந்தார். டப்பாவைத் திறந்து மஞ்சள் பல்லியைப் பார்த்ததும் முகம் விழுந்துவிட்டது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பல்லி அவர் உள்ளங்கையில் ஏறி, கட்டை விரலை முகர்ந்து, இமையை ஒருமுறை மூடித் திறந்தது. பிறகு என் மேசையிலிருந்து பேனாவை எடுத்து, டப்பாவின் மேல் ஒட்டியிருந்த தாளில் ‘மேக் ஸ்னோ’ என்பதை அடித்துவிட்டு எழுதினார்: ‘நார்மல். பெண்ணாக இருக்கலாம். பெற்றோர் தெரியாது.’